சுரத்தில் பெண்ணுக்கு என்ன வேலை?

சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுக்கொண்டு போகும் நெடுஞ்சாலையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். எண்களை மாற்றியபோது அது 44 ஆகிவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகிற, இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை அது. நாமக்கல்லில் பால் வாங்கச் சாலையைத் தாண்டுகிற பெண், காஷ்மீருக்குப் போகும் சாலையைத்தான் தினமும் தாண்டுகிறாள். தாண்டுவதோடு சரி. அதன் நீளத்துக்குப் போகிறவர்கள் ஆண்கள்.

'வடக்க போயிருக்காரு' என்பது எங்கள் ஊர்களில் ஒரு முழு விடை. எந்த ஊர், எத்தனை நாள் என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போட ராஜஸ்தானுக்கோ சத்தீஸ்கருக்கோ போனால் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். சங்ககிரி லாரி சரக்கு ஏற்றிக் கிளம்பினால், திரும்பி வர லோடு கிடைக்கும்வரை ஊர்ப்பக்கம் வராது. நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டி முடித்த லாரியின் நெற்றியில் பெயிண்டர் எழுதும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். குலதெய்வமான அம்மன், அதன் கீழே மகள்களின் பெயர்கள், சில வண்டிகளில் தாயின் பெயர். பெண்ணைப் பெயிண்டாக நெற்றியில் ஏற்றிக்கொண்டு வண்டி இமயத்தின் அடிவாரம் வரை போய்வருகிறது. உள்ளே டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடமில்லை.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகப் பாலைத் திணை நடத்துகிறேன். ஆள் நடமாட்டமற்ற தொலைநிலத்தின் ஊடே போகும் பயணத்தைத் தமிழ் எப்படி எழுதியிருக்கிறது, அந்த எழுத்தில் பெண்ணுக்கு எந்த இடம் தரப்பட்டது, அவளாக எந்த இடத்தை எடுத்துக்கொண்டாள் என்பதுதான் இங்கே என் கேள்வி.

இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தலைவன் பிரிந்து போவதற்குத் தொல்காப்பியம் காரணங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: ஓதல், பகை, தூது, காவல், பொருள். ஆணின் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு தலைப்பு இருக்கிறது. பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று அதே நூல் தனியாக ஒரு விதியும் செய்கிறது. நிலத்தில் அவள் போகலாம், உடன்போக்காக, காதலனின் பின்னால். அவள் தனியாகப் புறப்படுவதற்கு இலக்கணத்தில் தலைப்பு இல்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலைப் பாடல்களில் அந்தக் காட்டை விவரிப்பது யார்? தலைவன் பேசும் பாடல்கள் உண்டு. பெரும்பகுதியில் பேசுபவர்கள் வீட்டில் இருக்கும் தலைவியும் தோழியும் தாயும். நிழலற்ற மரம், நீர் வற்றிய சுனை, யானை உரித்துத் தின்ற மரப்பட்டை, வழிப்பறி செய்பவர்கள் கொன்றுபோட்டவர்களை மூடிய கற்குவியல் எல்லாம் போகாதவளின் வாயிலிருந்து வருகின்றன. இது கவிமரபு என்று உரைகள் கடந்துவிடும். என் வகுப்பறை அப்படிக் கடக்க விடவில்லை. உங்கள் வீட்டில் யார் எவ்வளவு தூரம் தனியாகப் போயிருக்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். அப்பா குவாஹாட்டி, அண்ணன் ஜோத்பூர், அம்மா பழநி, அதுவும் பாதயாத்திரைக் கூட்டத்தோடு. ஒரு மாணவி கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: 'ஆனா எங்கம்மாவுக்கு நாக்பூர் வரைக்கும் எல்லா டோல்கேட்டும் தெரியும் மிஸ்.' கர்னூல் தாண்டினால் எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், அதிலாபாத்துக்கு மேல் எந்த இடத்தில் இரவு வண்டியை நிறுத்தக்கூடாது என்றெல்லாம் இருபது வருட போன் பேச்சில் அந்த அம்மா சேர்த்துவைத்திருக்கிறார். பாலைத் தலைவிக்குக் காடு எப்படித் தெரிந்தது என்பதற்கு எந்த உரையும் தராத விளக்கம் இது. காத்திருப்பவள் சாலையைப் பற்றிய அறிவை உண்டாக்குகிறாள். அந்த அறிவு யாருடைய பெயரில் பதிவாகிறது என்பதுதான் சிக்கல்.

*

பெண் தனியாகத் தொலைதூரம் போனதாகத் தமிழ் நினைவில் இருக்கும் கதைகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்.

கலித்தொகையில் ஒரு செவிலி, உடன்போன மகளைத் தேடிச் சுரத்தில் நடக்கிறாள். எதிரே வரும் துறவிகளிடம் விசாரிக்கிறாள். மலையில் பிறந்த சந்தனத்தையும் கடலில் பிறந்த முத்தையும் உவமை காட்டி, மகள் உனக்கு உரியவள் அல்லள், திரும்பிப் போ என்கிறார்கள் அவர்கள். கவுந்தி அடிகள் கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைப் புறஞ்சேரி வரை நடந்தவர், சமணத் துறவி. கண்ணகி கணவனோடு நடந்தபோது கால் நோகிற பெண். தன்னந்தனியாக வையைக் கரை வழியே மேற்கே நடப்பது, ஒரு முலையைத் திருகி எறிந்த பிறகு. அவள் போய்ச் சேர்ந்த நெடுவேள்குன்றம் எங்கள் திருச்செங்கோடுதான் என்று ஒரு பழைய உரை சொல்லும், மறுத்தவர்களும் உண்டு.

வடக்கே போனவர்கள் இன்னும் தெளிவான சான்று. காரைக்கால் புனிதவதி, தன்னைக் கண்டு அஞ்சி வேறொரு திருமணம் செய்துகொண்ட கணவன் காலில் விழுந்ததும், அவனுக்காகச் சுமந்த உடலின் சதையை உதறிவிட வேண்டுகிறாள். பேயுருவம் வந்த பிறகே கயிலைக்குப் புறப்படுகிறாள். மலையை அணுகியதும் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடக்கிறாள். பிற்காலக் கதைகளின் ஔவை, திருமணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் கேட்டு முதுமையை வாங்கிக்கொண்டவள். சுந்தரர் யானையிலும் சேரமான் குதிரையிலும் கயிலைக்குப் போக, அவளைப் பிள்ளையார் துதிக்கையால் தூக்கி முன்னதாகவே சேர்த்துவிடுகிறார்.

தாய், துறவி, முலையிழந்தவள், பேய், கிழவி. இளமையும் உடலும் ஆசையும் உள்ள பெண் ஒருத்திகூட இந்த வரிசையில் இல்லை. ஆண் தன் உடலோடு போகலாம். பெண் உடலைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அம்மையாரைக் கொண்டாடும் பெண்ணிய வாசிப்புகள், உடலை உதறியதை அவரது சுதந்திரமாக வாசித்திருக்கின்றன. எனக்கும் அம்மையார் பெரிய கவி. ஆனால் அந்த உதறலுக்கு முன் அவர் புறப்பட்டிருக்க முடியுமா என்று கேட்காமல் அதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழிச்செலவுக்காக அவர் கொடுத்த விலை அது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் முன்னால் வேறொரு வரிசை இருந்தது. அதைக் கண்டெடுக்க அகநானூற்றின் இரண்டு பாலைப் பாடல்களை அடுத்தடுத்து வைத்தால் போதும். 45-ஆம் பாடல் வெள்ளிவீதியாருடையது. அதில் தலைவி, ஆதிமந்தியைப் போலத் தானும் கலங்கி அலைந்து திரிய வேண்டியதுதானோ என்கிறாள். ஆதிமந்தி, காவிரி அடித்துச்சென்ற ஆட்டனத்தியைக் கரையோரமாகத் தேடி அலைந்தவள், அவள் பெயரிலும் குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. 147-ஆம் பாடல் சங்க ஔவையாருடையது. அதில் தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் புறப்பட விரும்புவதாகச் சொல்கிறாள். ஆதிமந்தியை வெள்ளிவீதி பெயர் சொல்லி அழைக்கிறாள், வெள்ளிவீதியை ஔவை அழைக்கிறாள். மூவரும் பெண்கள், மூவரும் கவிகள். ஒவ்வொருத்தியும் தனக்கு முன் சாலையில் இறங்கியவளைத் தன் புறப்பாட்டுக்குச் சாட்சியாக நிறுத்துகிறாள்.

இலக்கிய வரலாறு இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு தகவலை மட்டும்: வெள்ளிவீதியார் கணவனைப் பிரிந்து பித்தேறி அலைந்தவர். பாடப்புத்தகக் குறிப்புகள் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஆண் போனால் அது பொருள்வயிற் பிரிவு, பெண் போனால் பித்து. ஆனால் வெள்ளிவீதியாரின் பாடல்களில் தெரியும் மனம் பித்துப் பிடித்த மனமாக இல்லை. குறுந்தொகை 130-இல், காணாமல் போனவன் நிலத்துக்குள்ளோ வானத்திலோ கடல்மேலோ போயிருக்க முடியாது என்று முதலில் கழித்துவிடுகிறாள். பிறகு நாடு நாடாக, ஊர் ஊராக, குடி குடியாகத் தேடினால் தப்ப முடியாது என்கிறாள். இது ஒரு தேடல் திட்டம். குறுந்தொகை 44, மகளைத் தேடி நடந்த செவிலி நடுச்சுரத்தில் நின்று பேசுவது. கால் ஓய்ந்துவிட்டது, எதிர்ப்படும் முகங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மங்கிவிட்டது. கலித்தொகைச் செவிலிக்கு அறிவுரை கிடைத்தது, வெள்ளிவீதியாரின் செவிலிக்கு உடல் கிடைத்தது. நடந்த களைப்பு எந்த உறுப்பில் எப்படி இறங்கும் என்று தெரிந்த கை எழுதிய பாட்டு அது.

ஔவையின் பாட்டை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். அங்கே வரும் காட்சி இது: மூன்று குட்டி ஈன்ற பெண்புலி பாறை இடுக்கில் பசியோடு கிடக்கிறது. ஆண்புலி அதற்கு இரை தேட, கலைமானின் குரலுக்குக் காது கொடுத்து நிற்கிறது. பெண் உள்ளே, ஆண் வெளியே. இல்லறத்தின் ஒழுங்கு அப்படியே குகையில் இருக்கிறது. இந்தப் படத்தைத் தீட்டிக் காட்டும் தலைவி, அடுத்த மூச்சில் தான் புறப்படப் போவதாகச் சொல்கிறாள். அதற்கு அவள் பயன்படுத்தும் சொல் 'செலவு'. தலைவன் கிளம்புவதற்கு அகத்திணை வைத்திருக்கும் கலைச்சொல் அது. பாடலின் முடிவில் இன்னொரு சொல்லையும் எடுத்துக்கொள்கிறாள்: 'வினை'. ஆடவருக்கு உயிர் தொழில், மகளிருக்கு உயிர் அந்த ஆடவர் என்ற பொருளில் குறுந்தொகைப் பாட்டு ஒன்று பாகம் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வினையைத்தான் ஔவையின் தலைவி கையில் எடுக்கிறாள். இங்கே இருந்து எனக்கு ஆகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை என்கிறாள்.

சுரத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று மரபு கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எனக்கு என்ன வேலை என்று அந்த ஒரு பாட்டு திருப்பிக் கேட்டது. மூவரும் ஓர் ஆணைத் தேடித்தானே போனார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. இலக்கணம் அனுமதிக்கும் காரணம் அது ஒன்றே. ஆனால் ஔவையின் கடைசிச் சொல் அந்தக் காரணத்துக்குள் அடங்கவில்லை. இதே ஔவை, புறநானூற்றில் தகடூர் அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனவர். தூது என்பது ஆணின் பிரிவுக் காரணங்களுள் ஒன்று என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி, சேலத்துக்கு அடுத்த வீடு.

*

நவீனப் பயண எழுத்துக்கு வருவோம். சேலம் என்பதைத் தன் பெயரின் முதலெழுத்தாக வைத்திருந்த சே.ப. நரசிம்மலு நாயுடு, 1889-இல் 'ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்' வெளியிட்டார். ரயில் வந்த பிறகு வடக்கே போன தமிழ்நாட்டவர் எழுதிய தொடக்ககாலப் புத்தகங்களில் ஒன்று. ஏ.கே. செட்டியார் 1930-களின் பிற்பகுதியில் காந்தி படத்துக்காகக் கண்டங்களைச் சுற்றினார், உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் பெற்றார். எஸ். ராமகிருஷ்ணனின் 'தேசாந்திரி' ஒரு தலைமுறை இளைஞர்களைப் பையோடு ரயிலேற வைத்தது. இந்த எழுத்துகளை நான் விரும்பிப் படித்தவள். ஆனால் தேசாந்திரி என்ற சொல்லுக்குப் பெண்பால் வழக்கில் இல்லை. ராகுல் சாங்கிருத்யாயனின் நூல் தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்று வந்தது. அவர் பெண்களுக்கும் ஊர்சுற்றும் உரிமை உண்டு என்று அதில் தனி அத்தியாயமே எழுதினார். எங்கள் தெருவில் ஒரு பெண்ணை ஊர்சுற்றி என்று சொல்லிப் பாருங்கள், சண்டை வரும். ஆணுக்குப் புராணமாக இருக்கும் சொல் பெண்ணுக்கு வசை.

அப்படியானால் பெண் எழுத்தாளர்கள் பயணமே செய்யவில்லையா? நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் காவிரிக் கரை முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன் செய்த பயணங்களைச் செய்த ஆண் எழுத்தாளர்கள் குறைவு. நீலகிரிப் படகர்களிடம் போய் 'குறிஞ்சித் தேன்', தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் 'கரிப்பு மணிகள்', சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர் வாழ்வை எழுத 'முள்ளும் மலர்ந்தது'. அவரை யாரும் பயண எழுத்தாளர் என்று சொல்வதில்லை, கள ஆய்வு செய்து எழுதிய நாவலாசிரியர் என்கிறார்கள். அந்தப் பாராட்டுக்குள் ஓர் அனுமதிச்சீட்டு ஒளிந்திருக்கிறது. அவர் போனது வேலைக்காக, ஆகவே போகலாம். உப்பளத்தைப் பார்த்து முடித்த மாலையில் அவர் கடற்கரையில் வெறுமனே நடந்திருந்தால் அதை எழுத நம்மிடம் வகைமை இல்லை.

மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் 'வொய் லாய்ட்டர்?' என்ற நூலை எழுதினார்கள். பொதுவெளியில் பெண் நிற்பதற்கு எப்போதும் ஒரு காரணத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதும், காரணமின்றி நிற்கும் உரிமையே உண்மையான உரிமை என்பதும் அவர்கள் வாதம். தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: சும்மா.

அந்தச் சொல்லின் எடையை நான் உணர்ந்தது ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில். கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை ஜம்மு வழியாகக் கத்ரா போகும் அந்த ரயில் சேலத்தில் நிற்கிறது. நாற்பது வயது தாண்டிய பிறகு ஓர் ஆகஸ்டில் ஏறினேன். ஈரோட்டில் ஏறி வைஷ்ணவதேவி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்:

"வூட்டுக்காரரு மிலிட்டரியா கண்ணு?"

"இல்லீங்க்கா, சும்மா போறேன்."

"சும்மா யாராச்சும் அவ்வளவு தூரம் போவாங்களா?"

நாக்பூர் வருவதற்குள் அந்தப் பெட்டியில் எனக்கு ராணுவத்தில் ஒரு கணவர் உண்டாகியிருந்தார். புதிதாக ஏறியவர்களிடம் அந்த அம்மாவே அப்படித்தான் என்னை அறிமுகம் செய்தார். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. என்னைக் காப்பாற்ற, தன்னிடம் இருந்த ஒரே கவசத்தைப் போர்த்திவிட்டார். மொரேனா தாண்டி சம்பல் ஆற்றின் செம்மண் பள்ளங்கள் ஜன்னலில் வந்தபோது ராஜம் கிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். அவருக்காவது நாவல் இருந்தது.

ரயில்வே சட்டமும் ஏறக்குறைய அந்த அம்மாவைப் போலத்தான் யோசிக்கிறது. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, பயணியை வண்டியிலிருந்து இறக்கிவிடும் அதிகாரத்தைப் பற்றியது. ஆண் பயணி துணையில்லாத பெண்ணையோ குழந்தையையோ அப்படி இறக்குவதானால் பகலில்தான் இறக்கலாம். அதுவும் அவர் ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் இவற்றில்தான். நல்ல விதி. நள்ளிரவில் பெயர் தெரியாத நிலையத்தில் ஒரு பெண் இறக்கப்படாமல் இருக்க அது தேவை. 2012 டிசம்பரில் தில்லியில் ஒரு பேருந்துக்குள் நடந்ததைத் தெரிந்த எவரும் இந்தப் பாதுகாப்பை அலட்சியமாகப் பேச முடியாது. ஆனாலும் அந்தச் சொற்றொடரைப் பாருங்கள். தனியாகப் போகும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ளும் சட்டமும், அவளை இல்லாத ஓர் ஆணைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறது.

ஜம்மு பேருந்து நிலையத்துக்கு வெளியே டிஎன் 34 எண்ணோடு ஒரு ரிக் வண்டி நின்றது. நெற்றியில் இரண்டு பெண்பிள்ளைகளின் பெயர்கள். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்து ஸ்ரீநகர், பிறகு ஷேர் டாக்ஸியில் ஜோஜி லா ஏறி திராஸ், கார்கில், நான்காயிரம் மீட்டருக்கு மேலே ஃபோட்டு லா, லே. வெள்ளை மலைகளும் மனிதச் சுவடற்ற வெளியும் பற்றி எழுதிய எத்தனையோ பக்கங்களை வாசித்துவிட்டுப் போயிருந்தேன். சாலை நெடுக மனிதர்கள் இருந்தார்கள். 1960-இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் நிறுவனத்தின் பணியிடங்களில், ஜார்க்கண்டின் தும்கா பக்கமிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் சல்லி உடைத்துக்கொண்டும் தார் ஊற்றிக்கொண்டும் இருந்தார்கள். முகத்தைத் துணியால் சுற்றிய பெண்களும் அவர்களில் இருந்தார்கள், ஒருத்தியின் குழந்தை கல்மேட்டின் நிழலில் தூங்கியது. லேயைத் தாண்டிக் கிழக்கே சாங்தாங் மேட்டுநிலத்தில் பஷ்மினா ஆடு வளர்க்கும் சாங்பா மக்கள் இருக்கிறார்கள். ஆட்டில் பால் கறப்பதும் கம்பளி நெய்வதும் அங்கே பெண்களின் அன்றாடம். ஆளற்ற வெளி என்று ஒரு பயணி எழுதும்போது, தனக்குச் சாலை போட்டவளையும் அந்த நிலத்தில் குடியிருப்பவளையும் அழித்துவிட்டுத்தான் எழுதுகிறான். பெண் பயணி அதே வரியை எழுதினால் அதே குற்றம்தான்.

தனிமையைத் தேடி வடதுருவக் காடுகளுக்குப் போவது உலக இலக்கியத்திலும் ஆணின் வீரக்கதை. கிறிஸ் மெக்கேண்டில்ஸ் என்ற இளைஞன் 1992-இல் அலாஸ்காவில், கைவிடப்பட்ட பேருந்து ஒன்றில் பட்டினியாகக் கிடந்து இறந்தான். ஜான் க்ராக்கவர் 1996-இல் எழுதிய 'இன்ட்டூ தி வைல்ட்' அவனை உலகறியச் செய்தது. படமும் வந்தது. அந்தப் பேருந்தைத் தேடிப் போனவர்களில் ஆற்றில் மூழ்கி இறந்தவர்களும் உண்டு, 2020-இல் பேருந்தையே அங்கிருந்து அகற்றினார்கள். அவன் தங்கை கேரின், 2014-இல் தன் நூலை எழுதினாள். அப்பாவின் வன்முறை நிறைந்த வீட்டிலிருந்துதான் அவன் போனான் என்று அதில் சொன்னாள். க்ராக்கவருக்கு அது முன்பே தெரியும், வெளியிட வேண்டாம் என்று அவள் கேட்டிருந்தாள். இயற்கையின் அழைப்பாக நாம் வாசித்ததற்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. பின்தங்கியவள் எழுதும்வரை அந்தப் பயணம் ஏன் தொடங்கியது என்று வாசகருக்குத் தெரியவில்லை. பாலைத் தலைவியின் இடம் இதுதான். போனவனின் பிரதியை அவள்தான் முடித்துவைக்கிறாள்.

*

நாமக்கல் சமவெளியின் பெண்கள் முடித்துவைத்த பிரதி ஒன்று உண்டு. 1990-களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் எச்ஐவி கணக்கெடுப்புகளில் தமிழகத்தின் முன்வரிசையில் நாமக்கல் இருந்தது. அதற்கு லாரி டிரைவர்களைப் பழித்த மேடைகள் பல. குடும்பத்தைப் பிரிந்து வாரக்கணக்கில் சாலையில் கிடக்க வைத்த தொழிலின் அமைப்பைப் பற்றிப் பேசியவை சில. தாலுகாவைத் தாண்டாத பெண்களுக்குச் சாலை ரத்தத்தின் வழியாக வீடு வந்து சேர்ந்தது. அவர்களில் பலர் கணவனுக்குக் கடைசிவரை பணிவிடை செய்தார்கள், பிறகு அவன் சாவுக்கும் பழி சுமந்தார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, தொற்று உள்ளவள் என்று பெயரும் முகமும் மறைக்காமல் பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். எச்ஐவியோடு வாழும் பெண்களுக்கான கூட்டமைப்பு 1998-இல் உருவாக முன்நின்றவர். ஊர் ஊராகப் போய் அவர் பேசிய பேச்சுகளைச் சுகாதார இயக்கத்தின் வரலாற்றில் வைக்கிறோம். அவற்றை நான் பாலைத் திணையிலும் வைப்பேன். பிரிவு யாரைக் கொல்கிறது என்பதை உவமையின்றிச் சொன்ன குரல் அது.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்களின் கையில் அது மிச்சப்படுத்திய பணம் சிறியதல்ல. கணவனிடம் பஸ் காசு கேட்க வேண்டாம் என்பது அதைவிடப் பெரியது. டவுன்பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரைதான் அந்தச் சுதந்திரம் என்பதையும் கூடவே குறித்துக்கொள்கிறேன். வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் தூரத்தை அரசு அளந்து கொடுத்திருக்கிறது. அதற்கு அப்பால் இருப்பது, ஈரோட்டு அம்மா கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியை எதிர்கொண்டபடி, எந்த விளம்பரமும் இல்லாமல், எங்களைவிடத் தொலைதூரம் பயணம் செய்யும் பெண்கள் இப்போது எங்கள் மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகப் போகிறது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் முன்பதிவில்லாப் பெட்டிகளில் வந்து கொங்குப் பகுதியின் நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் இறங்குகிறார்கள். மொழி தெரியாத தொலைநிலம் அவர்களுக்கு நம் ஊர். விடுதிக் கதவு எட்டு மணிக்குப் பூட்டப்படும் இந்தச் சமவெளிதான் அவர்களின் சுரம். உடலைக் கழற்றிவைக்காமல், இளமையோடும் போனில் ஒரு காதலோடும் வந்திருக்கிறார்கள். பொருள்வயிற் பிரிவு என்று தொல்காப்பியம் ஆணுக்கு வைத்த தலைப்பை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாம்தான் அதைப் பயணம் என்று எழுதாமல் 'புலம்பெயர் தொழிலாளர்' என்ற அறிக்கைச் சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஆகவே தனியாக இமயம் போன பெண்ணின் பயண நூல் இன்னும் நிறைய வர வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது. ஆணின் தனிமைக் காவியத்தில் பெயரை மட்டும் மாற்றி எழுதிய நூலாக அது போய்விடக்கூடும். நாக்பூர் வரை டோல்கேட் அறிந்த தாயின் அறிவும், ஜோஜி லாவில் சல்லி உடைப்பவளின் உழைப்பும், சும்மா போகிறவளின் சும்மாவும் ஒரே சாலையின் பகுதிகளாக ஒரே பக்கத்தில் வர வேண்டும். அப்படி எழுதுகிறவள், ஆதிமந்தியை வெள்ளிவீதியும் வெள்ளிவீதியை ஔவையும் அழைத்ததுபோல, தனக்கு முன் இறங்கியவளைப் பெயர் சொல்லி அழைப்பாள். அறுந்துபோன அந்த வரிசையின் அடுத்த பெயர் தமிழ்ப் பெயராக இருக்க வேண்டியதில்லை. அது தன்பாத் வண்டியில் வந்து இறங்கிய ஒருத்தியின் பெயராகவும், அவள் சந்தாலியிலோ ஒடியாவிலோ எழுதும் பாட்டாகவும் இருக்கலாம். அதைத் தமிழில் வாசிக்க நாம் ஆயத்தமாக வேண்டும்.